பிள்ளைக்கு ஆரூரன் என்று பெயரிடுவோம்

குடமுழுக்கு மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று விழாக் குழுவினர் அன்புக் கட்டளை இட்டார்கள். திருக்கோயிலின் தொன்மையையும் ஆழித்தேரின் சிறப்பையும் திருவாரூர் அன்பர்களுக்கு அடியேன் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, சில காலமாக நெஞ்சை உறுத்திவரும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அது ஆண் குழந்தைக்குப் பழைய பெயர், அதிலும் நம் பெருமானின் திருப்பெயர் வைப்பது.

நாவலூரில் ஓர் ஆரூரர்

சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவதரித்த தலம் திருநாவலூர். ஆயினும் சடையனாரும் இசைஞானியாரும் தம் பிள்ளைக்கு இட்ட பெயர் நம்பி ஆரூரர். உள்ளூர்ப் பெருமான் இருக்க, ஆரூர்ப் பெருமானை நினைந்து வைத்த பெயர் அது.

தெய்வச் சேக்கிழார் காட்டும் காட்சி ஒன்று உண்டு. நாவலூர்த் தெருவில் அந்தப் பிள்ளை சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறது. அவ்வழியே வந்த மன்னர் நரசிங்கமுனையரையர் கண்டு மனம் பறிகொடுக்கிறார். பெற்றோரிடம் சென்று வேண்டிப் பெற்றுத் தம் மகவாக வளர்க்கிறார். பிள்ளைக்கு அரண்மனை வாழ்வும் அரச உரிமையும் கிடைத்தன. பெயர் மட்டும் ஆரூரராகவே நின்றது. மகவு கொண்ட மன்னரும் அதை மாற்றத் துணியவில்லை.

பின்னாளில் நம் தேவாசிரிய மண்டபத்து அடியவர் திருக்கூட்டத்தை வணங்கித் திருத்தொண்டத்தொகை பாடினாரே, அதில் ஒரு நயம் காண்க. அடியார்களை வரிசையாகப் போற்றிவரும் சுவாமிகள், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரையும் ஊரின் பெயரையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஆரூர் அம்மானுக்கு ஆளானதைச் சொல்லி முடிக்கிறார். பெற்றோர் இட்ட பெயரே அவருக்கு அடிமை ஓலை ஆயிற்று. வழக்காடிச் சுவாமிகளை ஆட்கொண்ட பித்தனாகிய பெருமானுக்கு வேறு ஓலை எதற்கு என்றுகூட நமக்குத் தோன்றும்!

திங்களூர் வீட்டில்

திருநாவுக்கரசு சுவாமிகளைக் கண்ணால் காணும் முன்பே அவர்பால் பேரன்பு பூண்டவர் திங்களூர் அப்பூதியடிகள். மூத்த பிள்ளைக்கும் திருநாவுக்கரசு, இளைய பிள்ளைக்கும் திருநாவுக்கரசு என்றே பெயர் வைத்தார். வீட்டிலிருந்த அளவைகள், நிறைகோல், பசு, எருமை எல்லாவற்றுக்கும் அதே பெயர். வழிநடையில் வைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அதே பெயர். அவ்வழியே வந்த திருநாவுக்கரசு சுவாமிகளே, ‘உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?’ என்று கேட்டபோது, வந்தவர் யாரென்று அறியாத அடிகளுக்குச் சினமே வந்துவிட்டது.

இதை வெறும் பக்திப் பெருக்கு என்று கடந்துவிடலாகாது. நெல் அளக்கும்போதும் மாட்டைப் பிடித்துக் கட்டும்போதும் அவ்வீட்டார் வாயில் ஒரே பெயர்தான் வந்தது. தனியே செபமாலை உருட்ட நேரம் இல்லாத இல்லறத்தார்க்கு இதைவிட எளிய நாம செபம் உண்டா?

பெரியாழ்வார் சொன்ன நெறி

சைவ மலரில் ஆழ்வாருக்கு என்ன இடம் என்று யாரும் கேட்க வேண்டாம். பெயரிடும் முறை பற்றிப் பெரியாழ்வார் அளவுக்கு அழுத்தம் திருத்தமாகப் பேசியவர் இல்லை. அவர் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் இதற்கே. காசுக்கும் கரையிட்ட கூறைக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைக்கு யார் யார் பெயரையோ இடுகிறவர்களை ஆழ்வார் அறிவிலிகள் என்றே ஏசுகிறார். செல்வர் பெயரை வைத்தால் ஏதேனும் கிடைக்கும் என்று வைத்தவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்! மண்ணில் பிறந்து மண்ணாகிப் போகும் மனிதரின் பெயரால் மறுமைக்குப் பயன் இல்லை என்பதும், நாரணன் பெயர் தாங்கிய பிள்ளையின் தாய் நரகம் புகமாட்டாள் என்பதும் அவர் தரும் உறுதி. பாகவதத்து அசாமிளன் கதையும் இதற்கு அரண். உயிர் பிரியும் அச்சத்தில் அவன் கூவி அழைத்தது தன் கடைசி மகன் நாராயணனைத்தான். ஆனால் ஓடி வந்தவர்கள் திருமாலின் தூதர்கள்.

நம் ஊர் மும்மூர்த்திகள்

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் நம் ஊரில் பிறந்தவர்கள் என்ற பெருமையோடு, அவர்களில் இருவரின் பெயர்களையும் எண்ணிப் பார்க்கலாம். 1767இல் பிறந்த தியாகராஜ சுவாமிகள் நம் வீதிவிடங்கராகிய தியாகராஜப் பெருமானின் பெயரைத் தாங்கி, வாழ்நாளெல்லாம் இராமனைப் பாடினார். முத்துசுவாமி தீட்சிதருக்குப் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமார சுவாமியின் பெயர். பெற்றோர் அச்சந்நிதியில் தவம் கிடந்து பெற்ற பிள்ளை என்பது மரபு. அந்தத் தீட்சிதர் தியாகராஜப் பெருமான்மீது பாடிய விபக்திக் கீர்த்தனைகளில் எட்டு வேற்றுமைக்கும் தனித்தனிக் கிருதி உண்டு. இலக்கணம் ஒரு பெயரை எத்தனை வகையில் வளைக்குமோ அத்தனை வகையிலும் வளைத்து வழிபட்டிருக்கிறார்.

இளம் பெற்றோருக்கு

இன்று எண்கணிதம் பார்த்து ஓரெழுத்தைக் கூட்டுகிறார்கள், ஓரெழுத்தைக் குறைக்கிறார்கள். பாட்டியின் நாக்கு புரளாத பெயரைத் தேடிப்பிடித்து வைக்கிறார்கள். பழைய பெயர் வைத்தால் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்ற தயக்கத்தையும் கேட்கிறேன். கேலி இரண்டு வகுப்போடு போகும். பெயரோ அதற்குப் பிறகும் நிற்கும். நம் தமிழ் வழக்கப்படி அது அவன் பிள்ளைகளுக்குத் தலைப்பெழுத்தாகவும் தொடரும். கூப்பிட நீளம் என்றால் தியாகு என்று செல்லமாக அழையுங்கள், குற்றமில்லை. ஏட்டில் முழுப் பெயர் இருக்கட்டும். நட்சத்திர எழுத்து பொருந்தவில்லை என்றும் கலங்க வேண்டாம். எந்த எழுத்துக்கும் இறைவன் பெயர் உண்டு. பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்கச் சட்டம் 12 மாதம் கட்டணமின்றி இடம் தருகிறது. ஆகவே அவசரப்படாமல் பெரியோரைக் கலந்து முடிவு செய்யுங்கள்.

ஆரூரன், தியாகராஜன், வீதிவிடங்கன், வன்மீகநாதன், புற்றிடங்கொண்டான் என நம் சந்நிதியில் பெயருக்கா பஞ்சம்? பரப்பிய பச்சரிசியில் இவற்றுள் ஒன்றை எழுதி, பிள்ளையின் வலச்செவியில் மும்முறை ஓதுங்கள். அவன் வளர்ந்த பின் அப்பெயரின் வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள். பெயரை மட்டும் வைத்துவிட்டு வரலாற்றை மறைத்தால் வைத்தும் பயனில்லை. இக்குடமுழுக்கு ஆண்டில் ஆரூரில் பிறக்கும் ஆண்மக்களில் சிலரேனும் ஆரூரன் ஆகட்டும். அதற்கு வன்மீகநாதப் பெருமானும் கமலாம்பிகை அன்னையும் அருள் புரிவார்களாக!