மலாக்கா ஆற்றின் முகத்துவாரம்

இந்நாட்டில் தமிழர் வரலாறு ரப்பர்த் தோட்டத்தோடு தொடங்கிற்றென்று நம்மவருட் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் பிழையென்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புக்கிட் ரம்பாய் முதலிய ஊர்களினின்று மலாக்கா நகருக்குச் செல்வோர், அங்கே ஆறு கடலோடு கலக்கும் இடத்தைச் சற்றே நின்று நோக்குவாராயின் அதுவே போதும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இம்முகத்துவாரம் கீழ்த்திசை வாணிகத்தின் வாயிலாய் விளங்கிற்று. ஒரு பருவக்காற்றில் வந்த மரக்கலங்கள் மறு பருவக்காற்றை எதிர்நோக்கி இங்கே தங்கின. சோழமண்டலக் கரையினின்று துணிவகைகளும், கீழைத் தீவுகளினின்று கிராம்பும் சாதிக்காயும் வந்து குவிந்தன. அயல்நாட்டு வணிகரை மேற்பார்க்கச் சுல்தான்கள் ஷாபந்தர் என்னும் துறைமுகத் தலைவர் நால்வரை வைத்திருந்தனர். தமிழ் வணிகர் அவருள் ஒருவரது பொறுப்பில் இருந்தனர். இத்துறையில் 84 மொழிகள் வழங்கினவென்று தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர் எழுதிவைத்தார்.

1511இல் அல்புகெர்க் நகரைக் கைப்பற்றினான். சுல்தான்களின் கல்லறைகளையும் பள்ளிவாசலையும் பெயர்த்த கற்களே அவன் எழுப்பிய கோட்டைக்கு உதவின. முன்னர்ச் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்குத் துணைநின்ற தமிழ் வணிகன் ஒருவன், அவர்கள் ஏடுகளில் நீனா சாட்டு எனப்படுபவன், பெண்டஹாரா என்னும் உயர்பதவி பெற்றான். 1514இல் அப்பதவி கம்பார் அரசனுக்குக் கொடுக்கப்பட்டது. அயலான் தந்த பெருமை அயலானது வசதிக்கேற்பவே நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1641இல் ஒல்லாந்தர் வென்றனர். ஆற்றங்கரையில் இன்று சிவந்து தோன்றும் அரசாங்க மாளிகையும், 1753இல் முடிவுற்ற கிறிஸ்து ஆலயமும் அவர் கட்டியவை. பின்வந்த ஆங்கிலேயர் 1807இல் கோட்டையைத் தகர்க்கத் தொடங்கினர். சந்தியாகு வாயில் ஒன்றே எஞ்சிற்று. ஆற்றுவாய் வண்டல் படிந்து தூர்ந்தது. பெருங்கப்பல்கள் பினாங்கையும் சிங்கப்பூரையும் நாடின. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இன்று அவ்வாயிலினின்று கடல் விலகிச் சென்றுவிட்டது. 2006இல் மண்ணுக்கடியிலிருந்து கோட்டைக் கொத்தளமொன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. 2008இல் நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று.

ஆற்றின் மறுகரையில், தட்டார் தெருவில், ஒல்லாந்தர் அளித்த நிலத்தில் 1781இல் செட்டி மக்கள் கட்டிய விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. அருகே 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய பள்ளிவாசலும், சீனரின் பழங்கோயிலும் உள்ளன. கோட்டை அழிந்தது, பொதுமக்கள் பேணியவை அழியவில்லை.

ஆயினும் கல்லைக் காத்தல் ஒன்றே போதுமா? காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் பொங்கலையும் முன்னோர் வழிபாட்டையும் தலைமுறை தலைமுறையாய்க் காத்துவருகின்றனர். இங்குள்ள பெண்டிரை மணந்து நிலைத்த குடும்பங்களாதலின், வீட்டுமொழியோ மலாய் ஆயிற்று. அவரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. தமிழ் கற்பிக்கப் பள்ளியும் ஏடும் இல்லாக் காலத்தில் அவர் வேறென் செய்வர்? நமக்கோ அவை உள்ளன. விடுமுறை நாளொன்றில் நம் சிறுவரை அவ்வாற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, இவ்வரலாற்றைத் தமிழிலேயே எடுத்துரைப்போமாக.