பிடுங்க யாரைக் கேட்கணும்? – மெய்நிகர் எந்திரமும் விருந்தாளியின் சம்மதமும்

அரூரில் ஒரு கடை மாடியில் உட்கார்ந்து, எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன். சித்தேரி மலையில் வயசானவர்கள் பேசிப் பதிவான பேச்சுகளை எழுத்தாக்கிச் சேர்த்து வைப்பதற்காக, நாங்கள் நாலைந்து பேர் மாச வாடகைக்கு எடுத்திருந்த விண்டோஸ் எந்திரம் அது. மலைமேல் சிக்னல் வரும், போகும். அதனால் எழுத்து வேலைக்குக் கீழே இறங்கித்தான் ஆகணும். கிளம்பும் நேரம். பென் டிரைவைக் கழற்றுவதற்கான குறி திரையின் மூலையில் தெரிந்தது. பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டேன். அழுத்தின பிறகுதான் உறைத்தது, அது என் மடியிலிருந்த லேப்டாப்பின் குறி இல்லை, தூரத்து எந்திரத்தின் குறி. பட்டியலில் இருந்தது பென் டிரைவும் இல்லை, அந்த எந்திரத்தின் நெட்வொர்க் கார்டு. திரை உறைந்தது. எந்தக் கயிற்றைப் பிடித்து உள்ளே போயிருந்தேனோ அதையே உள்ளேயிருந்து அறுத்துவிட்டேன்.

அந்த நெட்வொர்க் கார்டு தகடும் செம்புமாக எங்கேயும் இல்லை. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் கட்டின பொய்க் கம்ப்யூட்டர், அதில் செருகின பொய்க் கார்டு. பொய்யைப் பிடுங்குவதற்கு என்னிடம் எதற்குச் சம்மதம் கேட்டார்கள்? சம்மதம் சொல்லும் அதிகாரம் என் கைக்கு எப்படி வந்தது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஐபிஎம் கம்பெனியின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் 1964 கடைசியில் தொடங்கிய சிபி-40, பிறகு சிபி-67, அதன் வாரிசாக 1972 ஆகஸ்ட் 2 அன்று அறிவிக்கப்பட்ட விஎம்/370 என்று வம்சாவளி போகிறது. நம் பக்கத்துக்கு இந்தக் குடும்பம் அந்நியமானதில்லை. சென்னை ஐஐடியில் 1973இல் நிறுவப்பட்டது ஐபிஎம் 370/155. ஆனால் 1970இல் அறிவிக்கப்பட்ட 155 மாதிரியில், மெய்நிகர் எந்திரங்களை ஓட்டத் தேவையான முகவரி மாற்றும் வசதி கிடையாது; பின்னால் காசு கொடுத்துச் சேர்க்கணும். வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகாதவர்கள் 1972 அறிவிப்பைக் கேட்டுக் கொதித்தது தனிக்கதை.

விஎம்/370இல் ஒவ்வொரு பயனருக்கும் தனி எந்திரம் இருப்பதுபோல ஒரு தோற்றம். அட்டை படிக்கும் கருவி, அட்டை துளைக்கும் கருவி, அச்சுப்பொறி எல்லாமே மெய்நிகர். நிஜமான டேப் டிரைவ் வேண்டுமென்றால் ஆபரேட்டருக்கு ஒரு செய்தி அனுப்பணும்: இன்ன டேப்பை மாட்டி எனக்குக் கொடுங்கள். அவர் டேப்பை மாட்டிவிட்டு 'அட்டாச்' என்று கட்டளை கொடுப்பார். பெரும்பாலும் 181 என்ற எண்ணில் அது பயனரின் எந்திரத்தில் முளைக்கும். திரும்ப எடுக்க 'டிடாச்'. எடுத்தால் எடுத்ததுதான். உள்ளே ஓடுகிற இயங்குதளம் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தால் இயங்கும் நிலையில் இல்லை என்ற பதில் வரும். எந்திரத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவில் சம்மதப் பேச்சே கிடையாது. பேச்செல்லாம் மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவில். ஆபரேட்டர் என்று ஒருவர் இருக்கிறார், அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சித்தேரியில் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் முதலில் எல்.சி. வாங்குவார், அதாவது லைன் கிளியர். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் துணைமின் நிலையத்தில் சுவிட்சைத் தொடக்கூடாது. உயிர் சம்பந்தப்பட்டதால் வந்த ஏற்பாடு. அதே ஆள் பில் கட்டாத வீட்டில் பியூஸ் கட்டையைப் பிடுங்கும்போது, உள்ளே மிக்ஸி ஓடுகிறதா, பிள்ளை படிக்கிறதா என்று கேட்பதில்லை. 'டிடாச்' பியூஸ் கட்டை ரகம்.

எல்.சி. ரகம் கம்ப்யூட்டருக்குள் வந்தது தொண்ணூறுகளில். அணைக்கவே முடியாத சர்வர்கள் பெருகின. ஓடும்போதே கார்டை மாற்றணும். 1997இல் பிசிஐ ஹாட் ப்ளக் விதிமுறை வந்தது. அதற்கு முந்தின வருஷம் டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறையிலும் கருவியை வெளியேற்றும் முறை உண்டு. பின்னால் வந்த விதிகளில் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானும் ஒரு சின்ன விளக்கும். பொத்தானை அழுத்தினால் விளக்கு 5 விநாடி மினுக்கும். மனசு மாறினால் அதற்குள் இன்னொருதரம் அழுத்தலாம், ரத்து. இல்லாவிட்டால் இயங்குதளம் கார்டில் நடக்கும் வேலையை முடித்து, மின்சாரத்தை நிறுத்தி, விளக்கை அணைக்கும். அதன்பிறகு கையை வைக்கலாம். விரலுக்கும் கண்ணுக்கும் ஏற்ற மரியாதையான ஏற்பாடு.

ஃபிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரீஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்கிற எமுலேட்டரும், 2007இல் லினக்ஸோடு சேர்ந்த கேவிஎம்மும் மெய்நிகர் எந்திரத்தைச் சாதாரண சர்வருக்குக் கொண்டுவந்தன. 2009 டிசம்பரில் வந்த கியூஎமு 0.12இல் 'டிவைஸ் ஆட்', 'டிவைஸ் டெல்' என்ற இரண்டு கட்டளைகள். பார்க்க இரட்டைப்பிள்ளைகள் மாதிரி இருக்கும். குணம் வேறு. முதலாவது கட்டளை, சொன்னவுடன் கருவி எந்திரத்தில் இருக்கும். இரண்டாவது வெறும் விண்ணப்பம். கட்டளை நிறைவேறியதாகப் பதில் வரும், கருவியோ அங்கேயே இருக்கும். விருந்தாளி இயங்குதளம் (அவர்கள் வைத்த பெயரே அதுதான், கீழே தாங்குகிற எந்திரம் வீட்டுக்காரர்) ஒத்துழைத்தால்தான் கழலும். கழன்றதா என்று சொல்லும் அறிவிப்பு 2013இல் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு ஆச்சரியம் தந்த இடம் இது: பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் கியூஎமு இந்த விண்ணப்பத்தை எப்படிக் கொடுக்கிறது? இல்லாத ஸ்லாட்டில் இல்லாத பொத்தானை அழுத்துகிறது. விருந்தாளி எந்திரம் இல்லாத விளக்கை 5 விநாடி மினுக்குகிறது. பார்க்க ஒரு கண்ணும் கிடையாது. மனசு மாறுவதற்காக மனுஷனுக்குக் கொடுத்த அவகாசத்தை ஒரு நிரல் இன்னொரு நிரலுக்காகச் சடங்காகக் கழிக்கிறது. பதில் வரவில்லையே என்று மேலாண்மை மென்பொருள் 5 விநாடிக்குள் மறுபடி 'டிவைஸ் டெல்' சொன்னால்? இரண்டாவது அழுத்தம், ஆகவே ரத்து. வற்புறுத்தக் கேட்டது வேண்டாம் என்று போய்விடும். பிற்பாடு இதைச் சரிசெய்தார்கள்: விளக்கு மினுக்கும்போது மறுபடி கேட்டால், விருந்தாளி வேலையாக இருக்கிறார் என்கிற பிழைச்செய்தி வரும்.

இந்தச் சடங்கு ஏன் தேவைப்பட்டது? மெய்நிகர் எந்திரம் என்ற கருத்தே, உள்ளே ஓடுகிற இயங்குதளம் தன்னை முழு வீட்டுக்கும் சொந்தக்காரன் என்று நம்பவேண்டும் என்பதில் நிற்கிறது. எதையாவது எடுக்கணும் என்றால் அதனிடம் பேசணும். பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் வீட்டுக்காரர் தன் குரலில் பேசாமல் பொத்தானின் குரலில் பேசுகிறார். 1972இல் ஆபரேட்டரின் முகம் தெரிந்தது, சம்மதம் கேட்கப்படவில்லை. இப்போது சம்மதம் கேட்கப்படுகிறது, கேட்பவர் முகம் தெரிவதில்லை. தமிழில் 'விருந்து' என்றால் புதுமை. தொல்காப்பியம் அந்தப் பொருளில்தான் அதை வனப்புகளில் ஒன்றாக வைக்கிறது. வந்தவர் புதியவர், தான் வந்திருப்பது தெரிந்தவர். தான் விருந்தாளி என்றே தெரியாத விருந்தாளியை என்னவென்று சொல்வது? தமிழில் சொல் இல்லாமல் திண்டாடுகிறேன்.

இந்தச் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்தால் அங்கேயும் சங்கதி இருக்கிறது. விருந்தாளி மறுத்தால் அதைத் தெரிவிக்க ஒரு பொது அறிவிப்பு 2021 டிசம்பரில் வந்த 6.2இல்தான் கிடைத்தது. மௌனம் சாதித்தால்? கியூஎமுவின் ஆவணமே வழி சொல்கிறது: விருந்தாளி எந்திரம் ரீசெட் ஆனால், கழற்றச் சொல்லி நிலுவையில் இருக்கும் எல்லாக் கருவிகளும் தானாகக் கழன்றுவிடும். நினைவகத்தைத் திரும்ப வாங்குவதற்கு இன்னும் நைச்சியமான வழி. விஎம்வேர் கம்பெனியின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் விவரித்த 'பலூன்': விருந்தாளிக்குள்ளேயே தன் ஆள் ஒருவனை வைத்து, அவனை ஊதவைத்து இடத்தைப் பிடித்து வெளியே கொடுப்பது.

என் கதைக்கு வருகிறேன். பொத்தானை வீட்டுக்காரர் மட்டும் அழுத்துவதில்லை. கழற்றக்கூடிய ஸ்லாட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்ட எதையும் விண்டோஸ் 'கழற்றலாம்' என்று பட்டியல் போட்டுவிடும், அது பென் டிரைவா எந்திரத்தின் நாடியா என்று பார்க்காது. என்னைப்போல உலகம் பூராவும் ஆட்கள் கழற்றித் தள்ளியிருக்கிறார்கள். அதனால் தடுப்பு வந்தது. விஎம்வேரில் ஹாட் ப்ளக்கையே அணைத்துவைக்க ஒரு அமைப்பு உண்டு. கியூஎமுவில் 2020இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து, ஸ்லாட் ஸ்லாட்டாக இந்த வசதியை மூடலாம். லிப்விர்ட் என்ற மேலாண்மை நூலகமும் அதே வருஷம் அதற்கு இடம் கொடுத்தது. மூடினால் பட்டியலில் பெயர் வராது. ஆனால் அந்த ஸ்லாட்டில் ஓடும்போது கழற்றுவது மட்டுமல்ல, செருகுவதும் போய்விடும். விருந்தாளி தன் கையைத் தானே வெட்டிக்கொள்வதைத் தடுக்கிற அதே ஏற்பாடு, வீட்டுக்காரர் கையையும் கட்டுகிறது.

வாடகைக்குக் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தோம் என்றார்கள். வரவில்லை. விண்டோஸ் உள்ளே எத்தனைதரம் எழுந்து உட்கார்ந்தாலும் கழற்றின கார்டு திரும்பாது. எந்திரத்தையே நிறுத்தி, அமைப்பைப் படித்துப் புதிதாகக் கட்டணும். அதைப் புரிந்துகொண்டு செய்ய ரெண்டு நாள் ஆனது. பேச்சுகள் பத்திரமாக இருந்தன. அடுத்தமுறை உள்ளே போனபோது மூலையில் அந்தக் குறி இல்லை. போன மாசம் இடம் பத்தாமல் இன்னொரு டிஸ்க் கேட்டேன். எந்திரத்தை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள், சேர்த்துத் தருகிறோம் என்றார்கள்.