ஒரு கல்லூரிக்கு ஓகே சொல்லிட்டு இன்னொரு கல்லூரியைப் பார்க்கப் போகலாமா? அமெரிக்க ஃபுட்பாலில் ஓயாத கேள்வி!

அமெரிக்காவில் 17 வயது பள்ளி வீரர் ஒருவர், “இந்தக் கல்லூரியில்தான் சேருவேன்” என்று அறிவிக்கிறார். அடுத்த மாதமே வேறொரு கல்லூரிக்கு விசிட் போகிறார். இது சரியா, தப்பா?

(இங்கே சொல்வது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.)

விதி என்ன சொல்கிறது?

தடை இல்லை. ‘கமிட்’ என்பது வெறும் வாய்வார்த்தை. வீரரையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டால்தான் உறுதி. பெரும்பாலானோர் டிசம்பரிலேயே கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். 2017 முதல் இந்த வசதி இருக்கிறது.

விசிட் என்றால் என்ன?

‘அஃபிஷியல் விசிட்’ என்றால் பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரி செலவு. ‘அன்அஃபிஷியல்’ என்றால் சொந்தச் செலவு. முன்பு ஒருவர் 5 அஃபிஷியல் விசிட் மட்டுமே போகலாம். 2023-ல் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது.

பயிற்சியாளர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

ஒருவரை நம்பி, அதே இடத்தில் ஆடும் மற்ற வீரர்களைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். கடைசி நேரத்தில் அவர் மாறினால் இடம் காலி. கிளெம்சன் பயிற்சியாளர் டேபோ ஸ்வின்னி, கமிட் ஆனவர் வேறு கல்லூரிக்கு விசிட் போகக் கூடாது என்பதை நீண்டகாலக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்.

பயம் நியாயமானதுதான். 2021 டிசம்பரில் டிராவிஸ் ஹன்டர், ஃபுளோரிடா ஸ்டேட்டை விட்டு ஜாக்சன் ஸ்டேட்டில் கையெழுத்து போட்டார். 2024 நவம்பரில் பிரைஸ் அண்டர்வுட், எல்எஸ்யு-வை விட்டு மிச்சிகனுக்கு மாறினார்.

வீரர் பக்கம் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. பயிற்சியாளரும் மாறலாமே? 2024 ஜனவரி 10-ம் தேதி அலபாமாவின் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். அவரை நம்பி டிசம்பரில் கையெழுத்து போட்டவர்களுக்கு அது பேரிடி. கல்லூரியும் தன் பங்குக்கு, இன்னும் நல்ல வீரர் கிடைத்தால் பழையவரைக் கழற்றிவிடலாம். அப்போது மாற்று வழி இல்லாமல் தவிப்பது மாணவரும் குடும்பமும்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

விசிட்களை முடித்துவிட்டு வாக்கு கொடுப்பதே பாதுகாப்பு. கொடுத்த பிறகும் சந்தேகம் வந்தால், கிளம்பும் முன் பயிற்சியாளரிடம் நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் போய், அது சோஷியல் மீடியா போட்டோ வழியாகத் தெரிந்தால் இருக்கும் இடமும் போகலாம். அதோடு, “நான் விசிட் போனால் என் இடம் இருக்குமா?” என்ற கேள்வியை கமிட் ஆவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.