தமிழ்நாட்டுக்குப் போகும் சார்ஜர்: அடாப்டர் எதை மாற்றும், எதை மாற்றாது?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரத்தில் பல வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். சென்னை, திருச்சி, மதுரை என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கடப்பிதழ், மருந்து, துணிமணி என எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்ப்பார்கள். சார்ஜர் மட்டும் கடைசி நிமிடத்தில் பைக்குள் விழும். ஓட்டல் அறையில் போய் இறங்கிய பிறகுதான் தெரியும், நம் வீட்டுத் தட்டை முனை பிளக் அந்தச் சுவரில் நுழையாது என்று.

உடனே கீழே ஒரு கடையில் அடாப்டர் வாங்கி மாட்டிவிடுகிறோம். கைப்பேசிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. அதே அடாப்டரில் இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் சொருகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அடாப்டருக்குள் என்ன இருக்கிறது?

பெரிதாக ஒன்றுமில்லை. சில பித்தளைத் தகடுகள், சுற்றி பிளாஸ்டிக். பயண அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். சுவரில் என்ன மின்னழுத்தம் வருகிறதோ அது அப்படியே உங்கள் கருவிக்குள் போகும். மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அது வேறு பொருள், கையில் தூக்கினாலே எடை தெரியும்.

ஆகவே, கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சார்ஜரின் பின்புறத்திலும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘இன்புட்’ வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலை வேண்டாம், உலகில் எங்கே போனாலும் வேலை செய்யும். கைப்பேசி, லேப்டாப், கேமரா சார்ஜர்கள் இன்று ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் வருகின்றன. தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காகச் சிலர் பயன்படுத்தும் சிபேப் கருவியும் பெரும்பாலும் இதே வகைதான். ஆனாலும் அதை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துவிடுங்கள். அது இல்லாமல் ஓர் இரவைக் கழிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் போன்ற சூடாக்கும் கருவிகளில் பெரும்பாலும் 220–240 என்று மட்டும் இருக்கும். இவற்றை 100 வோல்ட் உள்ள ஜப்பானிலோ 120 வோல்ட் உள்ள அமெரிக்காவிலோ சொருகினால் சரியாகச் சூடேறாது, அவ்வளவுதான். தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. ஜப்பானில் ஆசையாக வாங்கிய 100 வோல்ட் ரைஸ் குக்கரை இங்கே 240 வோல்ட்டில் மாட்டினால், மின்னழுத்தம் 2.4 மடங்கு. சூடாக்கும் கம்பியில் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் வெப்பம் கிட்டத்தட்ட 6 மடங்கு. எந்த அடாப்டராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

இந்தியாவைப் பொறுத்தவரை இந்தக் கவலை இல்லை. இரு நாடுகளிலும் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். காப்பார் கடலோரத்தில் இருக்கும் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையத்திலிருந்து வரும் மின்சாரமும் சென்னை வீட்டுக்கு வரும் மின்சாரமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். வேறுபடுவது சுவரில் உள்ள துளைகள் மட்டுமே.

ஒரே ஆட்சியின் கீழ் இருந்தும் ஏன் இரண்டு பிளக்?

இரண்டுமே பிரிட்டனிலிருந்து வந்தவைதான், காலம்தான் வேறு. மூன்று உருண்டை முனை கொண்ட பிளக் 1934-இல் வெளியான பிரிட்டிஷ் தரநிலையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளைப் புதிதாகக் கட்டிய பிரிட்டன், 1947-இல் தட்டையான மூன்று முனை கொண்ட 13 ஆம்பியர் பிளக்கைக் கொண்டு வந்தது. பிளக்கின் உள்ளேயே ஒரு ஃபியூஸ், சாக்கெட் துளைகளுக்கு மூடி, அந்த மூடியைத் திறக்க சற்று நீளமான எர்த் முனை என்று நன்றாக யோசித்துச் செய்த வடிவம் அது. மலேசியாவும் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் புதியதைப் பின்பற்றின. இந்தியா பழைய உருண்டை முனையிலேயே நின்றுவிட்டது. இலங்கையிலும் அது நெடுங்காலம் இருந்தது. 2017-இல்தான் அந்நாடு 13 ஆம்பியர் தட்டை முனையைத் தன் தரநிலையாக அறிவித்தது. பழைய வீடுகளில் இன்னும் உருண்டைத் துளைகளைப் பார்க்கலாம்.

நம் ஊரிலும் அந்தப் பழைய குடும்பம் முற்றாக மறைந்துவிடவில்லை. சில வீடுகளில் ஏர்கோன் பிளக் மட்டும் பெரிய உருண்டை முனையோடு இருக்கும், கவனித்திருப்பீர்கள். இந்தியாவில் கெட்டிலுக்கும் ஹீட்டருக்கும் பயன்படும் 16 ஆம்பியர் பிளக்கின் உறவுக்காரன் அது.

இந்தியாவில் எதைக் கவனிக்க வேண்டும்?

‘ஐரோப்பா’ என்று குறிக்கப்பட்ட இரண்டு மெல்லிய உருண்டை முனைகள் இந்திய சாக்கெட்டிலும் நுழையும். பல பயண அடாப்டர்கள் இதை வைத்துக்கொண்டுதான் 150 நாடுகளுக்குப் பொருந்தும் என்று பெட்டியில் அச்சடிக்கின்றன. ஆனால், நுழைவது வேறு, பொருந்துவது வேறு. ஐரோப்பிய மெல்லிய முனையின் விட்டம் 4 மில்லிமீட்டர். இந்தியாவின் 6 ஆம்பியர் பிளக் முனை சுமார் 5.1 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த இடைவெளியில்தான் அடாப்டர் ஆடுகிறது, தொடர்பு விட்டுவிட்டு வருகிறது, சின்னச் சின்னப் பொறி பறக்கிறது, முனை சூடாகிறது. அடாப்டரிலிருந்து ‘சிர்ர்’ என்று சத்தம் வந்தாலோ, கருகல் வாடை அடித்தாலோ சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் கைப்பேசியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அடுத்தது எர்த். “போன் மட்டும்தானே சார்ஜ் பண்றேன், எதுக்கு எர்த்து?” என்று கேட்கலாம். கைப்பேசி சார்ஜருக்கு உண்மையிலேயே தேவையில்லை. நம் சார்ஜரில் உள்ள மூன்றாவது முனை பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக், சாக்கெட் மூடியைத் திறப்பதற்கு மட்டும். லேப்டாப் கதை வேறு. உலோக உடல் கொண்ட லேப்டாப்பை எர்த் இல்லாத அடாப்டரில் மாட்டினால், கையை வைக்கும்போது சுருசுருவென்று ஒரு கூச்சம் தெரியும். சார்ஜருக்குள் உள்ள மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. பொதுவாக ஆளை அடிக்காது. ஆனால் எர்த் இணைப்பு இல்லை என்பதை அது சொல்லிவிடுகிறது. அதே அடாப்டரில் பழுதான இஸ்திரிப் பெட்டியையோ உலோகக் கெட்டிலையோ மாட்டினால், கசியும் மின்சாரம் போக வேறு வழியில்லாமல் தொடுகிறவர் உடல் வழியாகப் போகும்.

லேப்டாப்புக்கு அடாப்டரை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்களில் சுவருக்குப் போகும் வயர் தனியாகக் கழன்று வரும். இந்திய மூன்று முனை பிளக் உள்ள அதே வயரைச் சென்னையில் எந்தக் கணினிக் கடையிலும் வாங்கலாம். எர்த்தும் முறையாகச் சேர்ந்துவிடும், அடாப்டரே வேண்டாம்.

இன்னொரு கணக்கு. 6 ஆம்பியர் என்று குறித்திருக்கும் அடாப்டர் 230 வோல்ட்டில் தாங்கக்கூடியது 1,380 வாட் மட்டுமே. 2,000 வாட் கெட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அம்மாவுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் ஓட்டல்காரரிடமே கேட்டுவிடுங்கள்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர், புருணை, ஹாங்காங், பிரிட்டன், துபாய் என்றால் நம் பிளக்கே போதும். பாலிக்கும் கொரியாவுக்கும் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் இரண்டு உருண்டை முனை. ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டை முனை. ஹாட்ஜாய்க்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு அங்குள்ள சாக்கெட் தட்டை, உருண்டை இரண்டு வகை இரட்டை முனைகளையும் ஏற்கும். ஜப்பான், தைவான், அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் பிளக் வடிவத்தோடு வோல்ட்டையும் பார்க்க வேண்டும்.

பவர் பேங்க்: இப்போது விதி மாறியிருக்கிறது

அடாப்டர் வேலை செய்யாவிட்டால் பலர் நம்பியிருப்பது பவர் பேங்க். 2025 ஜனவரி 28-ஆம் தேதி தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். ஒரு பவர் பேங்கின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் பின்னர் கூறினர். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் அதை சார்ஜ் செய்யவும் தடை வந்தது. மற்ற நிறுவனங்களும் விதிகளை இறுக்கிவருகின்றன. டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் இன்றைய விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாறாத விதி ஒன்று உண்டு. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்கில் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் போட்டிருந்தால், அதை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி, தாராளமாகக் கொண்டு போகலாம். 30,000 என்றால் 111, ஒப்புதல் தேவை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை விமான நிலையத்தில் பறிமுதல் செய்தால் வாதாடிப் பயனில்லை.

திரும்பி வரும்போது வரும் மிக்சியும் கிரைண்டரும்

போகும்போது சார்ஜர் என்றால், வரும்போது மிக்சி, வெட் கிரைண்டர். கோயம்புத்தூர் கிரைண்டருக்கு இங்கே இருக்கும் மவுசு தெரிந்ததுதானே. வோல்ட் ஒன்றே என்பதால் மோட்டார் நன்றாகவே ஓடும். ஆனால் அதன் உருண்டை முனை பிளக்கை என்ன செய்கிறோம்?

இரண்டு முனை பிளக் என்றால் பல வீடுகளில் ஒரு ‘டெக்னிக்’ இருக்கிறது. சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி, மூடியைத் திறந்து, பிளக்கை உள்ளே தள்ளுவது. மேல் துளை எர்த் என்பதால் பெரும்பாலும் ஷாக் அடிப்பதில்லை, அதனால்தான் இந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. குழந்தையின் விரலையும் கம்பியையும் தடுக்க வைத்த மூடியைத்தான் நாம் தோற்கடிக்கிறோம். அப்படிச் சொருகிய பிளக்கில் ஃபியூஸும் இல்லை. வயர் கருகினாலும், 20 அல்லது 32 ஆம்பியரில் மட்டுமே விழும் வீட்டு சர்க்கிட் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம்.

மூன்று முனை உள்ள கிரைண்டரை எர்த் இல்லாத பயண அடாப்டரில் ஓட்டுவது இதைவிட மோசம். உலோக உடல், உள்ளே தண்ணீர், மாவு வழிக்கும் ஈரக் கை. ஒரு வாரப் பயணத்துக்குச் செய்த அடாப்டர் அடுப்படியில் பத்து வருடம் உழைக்க வந்ததல்ல.

பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுத்து, பழைய பிளக்கை எடுத்துவிட்டு 13 ஆம்பியர் பிளக்கைப் போடச் சொல்லுங்கள். பச்சை அல்லது பச்சை-மஞ்சள் வயர் எர்த் முனையில் சேர்ந்திருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். ஃபியூஸ் 13 ஆம்பியர்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிறிய மோட்டாருக்கு 3 அல்லது 5 போதுமா என்று அவரிடமே கேளுங்கள். வாங்கும் பிளக்கிலோ அடாப்டரிலோ சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் அது இருப்பதில்லை.