ஊர் பேர் தெரியாத பலகை

உணவுப் பொருளையோ விளைபொருளையோ கப்பலேற்றுகிறவர்களிடம் பேலட் பற்றிப் பேச்செடுத்தால், மரமா பிளாஸ்டிக்கா என்ற கேள்வியில்தான் பேச்சு போய் நிற்கும். மரம் ஈரத்தை உறிஞ்சும், பூச்சி அரிக்கும், சிலாம்பு பெயரும், ஆகவே அழுக்கு. பிளாஸ்டிக் வழவழப்பானது, கழுவிவிடலாம்; ஆகவே சுத்தம். கேட்பதற்கு நியாயமான தீர்ப்புதான். ஆனால் பேலட் என்கிற இந்தச் சரக்குப் பலகையின் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு அந்தத் தீர்ப்பை ஆதரிக்கவில்லை. பலகை எதனால் செய்யப்பட்டது என்பதைவிட, அது போன முறை எதைச் சுமந்தது, நடுவில் எந்த முற்றத்தில் மழையில் கிடந்தது, அதன்மேல் என்ன மருந்து அடித்தார்கள், அதற்கு யார் பொறுப்பு என்பவைதாம் சரக்கைக் காப்பாற்றியும் இருக்கின்றன, கெடுத்தும் இருக்கின்றன. பொருளை மாற்றியோ மருந்தை மாற்றியோ இந்தக் கேள்விகளைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தபோதெல்லாம் புதிதாக ஏதோ ஓர் அழுக்கு வந்து சேர்ந்தது.

தானியத்தைத் தரையில் படாமல் உயர்த்தி வைப்பது மிகப் பழைய அறிவு. இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில், ரோமானியர்களின் களஞ்சியத் தளத்தைத் தாங்கி நின்ற கல்தூண் வரிசைகளை இன்றும் பார்க்கலாம். தளத்துக்கு அடியில் காற்றோட வேண்டும், ஈரம் ஏறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நம் அரசுக் கிடங்குகளில் நெல் மூட்டை அட்டிக்கு அடியில் மரச்சட்டம் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான். இந்தப் பழைய மேடைகள் எல்லாம் அந்தந்தக் கிடங்குக்கே சொந்தம்; இருந்த இடத்திலேயே இருந்தன. தூணில் பூஞ்சை பிடித்தால் களஞ்சியக்காரனுக்குத் தெரியும், அவனே துடைக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டு அந்த மேடையைப் பெயர்த்து எடுத்துச் சரக்கோடு சேர்த்து அனுப்பியது. மாற்றம் சிறியதாகத்தான் தெரியும். ஆனால் பலகையின் சுத்தத்துக்கு ஆள் இல்லாமல் போனது அப்போதுதான் தொடங்கியது.

அதற்கு முதல் தேவை தூக்கும் வண்டி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிளார்க் நிறுவனம் 1917-ல் தன் ஆலைக்குள் சாமான் நகர்த்த ஒரு மோட்டார் வண்டி செய்தது. ஃபோர்க்லிஃப்டின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. மேல்பலகை மட்டும் கொண்ட சட்டத்துக்குக் கீழ்ப்பலகையும் சேர்ந்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வசதி வந்தது. இதனால் மிச்சமான நேரத்துக்கு 1931-ல் ஓர் அமெரிக்க ரயில்வே இதழ் சொன்ன கணக்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்: 13,000 பெட்டி டப்பா உணவைக் கையால் இறக்க மூன்று நாள், பலகையோடு இறக்க நான்கு மணி நேரம். அந்தக் கணக்கில் வருவது டப்பா உணவு என்பதைக் கவனிக்க வேண்டும். பேலட்டின் ஆரம்ப வாடிக்கையாளர்களில் உணவு வணிகமும் உண்டு. ஆனால் தகரத்துக்குள் அடைபட்ட உணவுக்குப் பலகை எப்படி இருந்தால் என்ன? 1939-ல் நியூயார்க் மாநிலத்தின் கிரீன் ஊரில் ஜார்ஜ் ரேமண்டும் பில் ஹவுஸும் கையால் தள்ளும் ஹைட்ராலிக் வண்டிக்கும் அதற்கேற்ற பலகைக்கும் காப்புரிமை பெற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் நார்மன் கானர்ஸ், நான்கு பக்கமும் ஃபோர்க்லிஃப்ட் முள் நுழையும்படி பேலட்டை அமைத்தார். இந்த ஆண்டுகளில் பேலட்டைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் எடை, வேகம், அடுக்கும் உயரம் பற்றியவை. சுத்தத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் அன்று பெரிதாக இருக்கவில்லை.

தேவை வந்தது போருக்குப் பிறகு. அமெரிக்கப் படை ஆஸ்திரேலியாவில் விட்டுச்சென்ற ஃபோர்க்லிஃப்டுகளையும் பேலட்டுகளையும் அந்நாட்டு அரசு ஒரு பொதுத் தொகுப்பாக வைத்துக்கொண்டது. காமன்வெல்த் ஹேண்ட்லிங் எக்விப்மென்ட் பூல் என்ற அதன் பெயர் சுருங்கித்தான் ‘செப்’ ஆனது. பின்னர் தனியார் கைக்குப் போய், 1958-ல் பிராம்பிள்ஸ் நிறுவனத்திடம் சேர்ந்தது. செப்பின் நீலப் பலகையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறார்கள். திரும்ப வாங்குவதும் பழுது பார்ப்பதும் உடைமையாளரின் வேலை. ஐரோப்பா வேறு வழியில் போனது. 1961-ல் பன்னாட்டு ரயில்வே ஒன்றியம் 800-க்கு 1200 மில்லிமீட்டர் அளவைத் தரப்படுத்தியதும், சரக்கோடு ஒன்று கொடுத்தால் காலியாக ஒன்று பெற்றுக்கொள்ளும் பண்டமாற்று பரவியது. 78 ஆணி அடித்த ஒரே மாதிரிப் பலகை. எது போய் எது வந்தாலும் ஒன்றுதான் என்பது ஏற்பாடு. ஒன்றுதானா? நல்லதைக் கொடுத்துவிட்டு உடைந்ததைத் திரும்பப் பெறுகிறவன் அடுத்த முறை நல்லதை உள்ளே பதுக்கிக்கொண்டு மோசமானதை வண்டியில் ஏற்றுவான். தேய்ந்த நாணயம் நல்ல நாணயத்தைச் சந்தையிலிருந்து விரட்டுவதைப் போலத்தான் இது. நேற்று ரசாயன உரம் சுமந்தது இன்று பால்மாவு சுமக்கும். பலகையின் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. செப்பும் பண்டமாற்றும் பெரும்பாலும் ஒரே மாதிரி மரத்தைத்தான் கையாண்டன. வேறுபட்டது பொறுப்பு. என் வாதத்தின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது.

பலகையின் கடந்த காலம் உலகத்துக்கு உறைத்தது உணவால் அல்ல, வண்டால். 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாலையோர மேப்பிள் மரங்களை ஆசிய நீள்கொம்பு வண்டு துளைத்துக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து வந்த மரப்பொதிகளில் ஏறி வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. 1998-ல் சிகாகோவிலும் அது தென்பட்டது; ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித்தள்ள வேண்டியதாயிற்று. 1999-ல் போர்ச்சுகலில் பைன் மர நூற்புழு. இவற்றின் விளைவாக 2002-ல் உலகத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதியைக் கொண்டுவந்தது. அன்றைய விதிப்படி, பொதி மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற வேண்டும், அல்லது மெத்தில் புரோமைடு புகையூட்ட வேண்டும். செய்ததற்கு அடையாளமாகக் கதிர்ச் சின்னமும் நாட்டுக் குறியும் பலகையில் பொறிக்க வேண்டும். தூத்துக்குடியில் பெட்டகமேறும் மரப்பேலட்டில் ‘ஐ.என்.’ என்று இருப்பது இந்த முத்திரைதான். அது ஏதோ உணவுச் சுத்தச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: அன்றைக்கு அந்த மரத்துக்குள் இருந்த பூச்சியும் புழுவும் செத்தன. அதற்குப் பிறகு அது மழையில் நனைந்ததா, கோழிக்கழிவின் மேல் கிடந்ததா என்பது அதற்குத் தெரியாது. மெத்தில் புரோமைடோ ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. மொன்றியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும் மற்றப் பயன்பாடுகளை நிறுத்தின; தாவரத் தடுப்புக்கான புகையூட்டலுக்கு மட்டும் விலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2010-லேயே அதையும் கைவிட்டது.

வெப்பம் கொடுப்பதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. ஐம்பத்தாறு டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பூச்சி சாகுமே தவிர மரம் காயாது. பச்சை மரத்தைச் சூடாக்கி அப்படியே அடுக்கினால் பூசணம் முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். ஈரப்பதத்தை இருபது சதவீதத்துக்குக் கீழே இறக்கினால்தான் அது அடங்கும். அதற்கு உலர்கூடம் வேண்டும், எரிபொருள் வேண்டும், நாள் வேண்டும். மலிவான மாற்று, மரத்தில் பூஞ்சைக்கொல்லி பூசுவது. டிரைபுரோமோபீனால் அவற்றுள் ஒன்று. பூஞ்சையைக் கொல்ல அடித்த மருந்தைச் சில பூஞ்சைகள் தங்களுக்குத் தீங்கில்லாத வேறொன்றாக மாற்றிவிடுகின்றன, அதுதான் டிரைபுரோமோஅனிசோல். மக்கிய கோணிப்பையின் நாற்றம். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். ஆவியாகிக் காற்றில் பரவும், அட்டைப்பெட்டிக்குள் புகும், பிளாஸ்டிக் உறையிலும் ஏறும். இது புதிய செய்தியும் அல்ல. இதன் குளோரின் உறவுச் சேர்மங்கள் பொதிப்பொருளிலிருந்து உலர்பழத்தில் ஏறியதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1985-லேயே எழுதியிருந்தார்கள். 2004-ல் பிரான்சின் பாஸ்கல் ஷாதோனே குழுவினர், மருந்து பூசிய மரத்திலிருந்து கிளம்பிய புரோமோஅனிசோல் ஒயின் கிடங்கின் காற்றிலேயே கலந்திருப்பதைக் காட்டினார்கள். இருந்தும் 2009-ன் கடைசியிலும் 2010 ஜனவரியிலும் டைலனால் மாத்திரைகளைக் கடைகளிலிருந்து பெருமளவில் திரும்பப் பெற வேண்டிவந்தது. மாத்திரைப் புட்டியில் பூசண நாற்றம். சிலருக்குக் குமட்டல், வயிற்றுவலி. தேடிப் போனபோது அகப்பட்டது, பொதிப்பொருள்களைச் சுமந்த மரப்பேலட்டில் பூசியிருந்த பூஞ்சைக்கொல்லி. நோய்க்கிருமி என்று எதுவும் அதில் இல்லை. பலகையைச் சுத்தமாக வைத்திருக்க எடுத்த முயற்சியே மருந்தைக் கெடுத்தது.

இவ்வளவையும் கேட்டவர், இதற்குத்தான் பிளாஸ்டிக் என்று சொல்லலாம். பூச்சி இல்லை, புகையூட்டல் இல்லை, பூஞ்சைக்கொல்லியும் வேண்டாம். வலுவான வாதம்தான், அதற்குச் சோதனைச் சான்றும் காட்டுவார்கள். அமெரிக்காவின் தேசிய நுகர்வோர் கழகம் 2010-ல் ஹூஸ்டன், டாம்பா பகுதிகளில் மரப்பேலட் எழுபதும் பிளாஸ்டிக் பேலட் எழுபதும் எடுத்துச் சோதித்தது. ஈ.கோலை கிருமி மரத்தில் பத்து சதவீதத்தில், பிளாஸ்டிக்கில் ஒன்றரைக்கும் குறைவான சதவீதத்தில். அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசம் அல்ல. ஆனால் அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று யோசிக்க வேண்டும். புழக்கத்திலிருந்து எடுத்த பலகைகள் அவை. மலிவான மரப்பலகை கடைக்குப் பின்புறம் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் கிடக்கும். விலை அதிகமான பிளாஸ்டிக்கை உடையவர் தேடி எடுத்து உள்ளே வைப்பார். பொருளின் குணமும் பராமரிப்பின் குணமும் ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. பராமரிப்பை விலக்கி, பொருளை மட்டும் சோதித்தால் விடை மாறுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழு காய்கறி நறுக்கும் பலகைகளை வைத்துச் செய்து 1994-ல் வெளியிட்ட ஆய்வில், மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே இழுக்கப்பட்டு மேற்பரப்பில் குறைந்தது. கத்திக்கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினமாக இருந்தது. ஜெர்மனியில் நடந்த சோதனைகளிலும் பைன் மரத்தில் பாக்டீரியா பிளாஸ்டிக்கைவிட விரைவாகச் செத்தது. நறுக்கும் பலகை பேலட் ஆகாது என்று மறுக்கலாம், மறுப்பது சரியே. ஆயினும் நுண்துளை உள்ளதெல்லாம் கிருமியின் வீடு என்ற எளிய நம்பிக்கை இதன் முன் நிற்காது. ஃபோர்க்லிஃப்ட் முள் இடித்துக் கீறிய பிளாஸ்டிக் பேலட்டும் கத்தி பட்ட பலகையும் அவ்வளவு தூரத்து உறவு அல்ல. கழுவலாம் என்பதும் கழுவினார்கள் என்பதும் வேறு வேறு.

பிளாஸ்டிக்குக்கும் அதன் ரசாயனக் கதை உண்டு. கிடங்கில் அடுக்கிய பிளாஸ்டிக் பேலட் தீப்பிடித்தால் மரத்தைவிடக் கடுமையாக எரியும் என்பதால், தீயணைப்பு விதிகள் அதற்குத் தனிக் கட்டுப்பாடு வைத்தன. அதைச் சமாளிக்க அமெரிக்காவில் சில பேலட்டுகளின் பிளாஸ்டிக்கில் டெக்காபிடிஈ என்ற தீத்தடுப்பு ரசாயனத்தைக் கலந்தார்கள். உடலில் தங்கும் என்று சந்தேகிக்கப்பட்ட சேர்மம் அது. பறித்த காய்கனியைப் பேலட்டோடு குளிர்நீரில் நனைத்துக் குளிர்விக்கும் வழக்கமும் இருந்ததால், அந்தச் சேர்மம் உணவில் இறங்குமா என்ற கேள்வி கிளம்பியது. மெயின் மாநிலம் பேலட்டுகளையே குறிப்பிட்டுச் சட்டம் செய்தது. தயாரிப்பாளர்கள் 2009-ல் படிப்படியாகக் கைவிட ஒத்துக்கொண்டார்கள். 2017-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது ஏறியது. நுகர்வோர் கழகச் சோதனையைப் பிளாஸ்டிக்காரர்களும் டெக்கா செய்தியை மரக்காரர்களும் எவ்வளவு ஆசையோடு பரப்பினார்கள் என்பது தனிக் கதை. இரண்டு பக்கமும் சொன்னதில் உண்மை இருந்தது. அதிலிருந்து இரண்டு பக்கமும் எடுத்த முடிவுதான் தவறு.

அப்படியானால் பொருளே முக்கியமில்லையா என்று கேட்டால், அவ்வளவு தூரம் போகமாட்டேன். இறைச்சியும் மீனும் திறந்து கிடக்கும் ஈரமான அறையில், தினமும் சுடுநீரும் சோப்பும் பாய்கிற தரையில், மரத்துக்கு இடமில்லை. ஐரோப்பாவின் பழைய இறைச்சி விதிகள் மரத்தை விலக்கி, பொதியிட்ட இறைச்சி வைக்கும் அறைக்கு மட்டும் விலக்கு அளித்தது விவரம் தெரிந்த முடிவு. உலர்ந்த மிளகாய், மஞ்சள், தேயிலை போன்றவற்றுக்கு நிலைமை நேர்மாறு. அங்கே எதிரி கிருமியைவிட ஈரமும் நாற்றமும்தான். மருந்தே படாமல் நன்றாக உலர்த்திய மரம், ஈரம் சொட்டக் கழுவி உடனே அனுப்பிய பிளாஸ்டிக்கைவிட மேல். சிறிய ஏற்றுமதியாளரால் பலகையின் பூர்வீகத்தை எங்கே விசாரிக்க முடியும் என்ற மறுப்பும் உண்டு. முழுதும் முடியாதுதான். ஆனால் ஈரமானி வைத்து அளக்க முடியும், முகர்ந்து பார்க்க முடியும், விற்பவரிடம் எந்த மருந்தும் பூசவில்லை என்று எழுதி வாங்க முடியும், வாங்கியதைக் கூரைக்குள் வைக்க முடியும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் உணவுப் போக்குவரத்துச் சுத்தத்துக்கு விதி வகுத்தபோது பேலட்டையும் போக்குவரத்துச் சாதனம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. எந்தப் பொருளையும் அது தடை செய்யவில்லை. சாதனம் உத்தேசித்த பயனுக்குப் போதுமான அளவு சுத்தம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், பூச்சி அண்டாமல் வைக்கப்பட வேண்டும், தன் சரக்குக்கு என்ன சுத்தம் தேவை என்பதை அனுப்புகிறவர் ஏற்றிச்செல்கிறவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்றது.