2 ரவுண்டு ஜெயிச்சும் மேரி கோம் தோத்தது எப்படி? குத்துச்சண்டையில் பாயிண்ட் போடும் கணக்கு இதுதான்!

கோவை: குத்துச்சண்டையில் ஒருவர் கீழே விழுந்து எழுந்திருக்காவிட்டால் பிரச்சினையே இல்லை. ஜெயிச்சது யாரு என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். கடைசி மணி அடிக்கும் வரை ரெண்டு பேரும் நின்று மோதினால்தான் வம்பு. "நம்ம ஆளுதானுங்ணா ஜெயிச்சாரு, ஏமாத்திட்டாங்க" என்று ஒருவர் சொல்வார். "இல்லீங் தம்பி, அடி வாங்குனதை நீ பாக்கலையா?" என்று இன்னொருவர் கேட்பார். பேக்கரியில் ஆர்டர் செய்த டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

அப்படித் தமிழ்நாடு முழுக்கப் பேச வைத்த சண்டை ஒன்று 2021ல் நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 22ம் தேதி பா.ரஞ்சித் இயக்கி ஆர்யா நடித்த 'சார்பட்டா பரம்பரை' படம் அமேசான் பிரைமில் வெளியானது. 1970களின் வடசென்னை குத்துச்சண்டையைச் சொன்ன படம் அது. குத்துச்சண்டை பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட ரவுண்டு, பாயிண்ட் என்று பேசிக்கொண்டு இருந்த நேரம். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 29ம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் ரிங்கில் ஏறினார்.

ஜெயித்ததாக நினைத்து மகிழ்ச்சி

அப்போது மேரி கோமுக்கு வயது 38. 4 பிள்ளைகளின் தாய். 6 முறை உலக சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 40 வயதுக்கு மேல் இடமில்லை. அதனால் இதுதான் அவருக்குக் கடைசி ஒலிம்பிக் என்று எல்லோருக்கும் தெரியும்.

எதிரே நின்றவர் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். அதற்கு முன் 2 முறை மோதியும் மேரி கோமை அவரால் ஜெயிக்க முடிந்ததில்லை.

கொரோனாவால் டோக்கியோ அரங்கில் ரசிகர்கள் யாரும் இல்லை. முதல் ரவுண்டில் 4-1 என்று வலென்சியாவுக்கு ஆதரவு. ரெண்டாவது ரவுண்டு 3-2 என மேரி கோமுக்கு. மூன்றாவது ரவுண்டும் 3-2 என மேரி கோமுக்கே. ஆனால் முடிவு? 3-2 என்று வலென்சியா வெற்றி!

தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்து மகிழ்ச்சியாக இருந்ததாகவும், சமூக வலைதளத்தைப் பார்த்து, பயிற்சியாளரும் சொன்ன பிறகுதான் தோற்றது உறைத்தது என்றும் மேரி கோம் பிறகு நிருபர்களிடம் வருத்தப்பட்டார். மத்திய அமைச்சர் கிரண் ரிஜிஜுவும், நம்மைப் பொறுத்தவரை மேரி கோம்தான் ஜெயித்தார், நடுவர்களின் கணக்கு வேறு என்கிற மாதிரி எழுதினார்.

"மூணு ரவுண்டுல ரெண்டு ஜெயிச்சா மேட்ச் ஜெயிச்ச மாதிரிதானுங்களே?" இதுதான் ரசிகர்கள் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் குத்துச்சண்டையில் கணக்கு அப்படி ஓடுவதில்லை.

5 நடுவர், 5 தனிக் கணக்கு

ரிங்கைச் சுற்றி 5 நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் நன்றாகச் சண்டை போட்டவருக்கு 10 பாயிண்ட். மற்றவருக்கு 9. ரொம்ப மோசமாக அடி வாங்கியிருந்தால் 8 அல்லது 7.

கடைசியில் யார் எத்தனை ரவுண்டு ஜெயித்தார் என்று பொதுவாகக் கூட்ட மாட்டார்கள். ஒவ்வொரு நடுவரும் தன்னுடைய 3 ரவுண்டை மட்டும் கூட்டுவார். அவர் கணக்கில் யாருக்கு அதிகமோ, அவர் ஓட்டு அவருக்கு. 5 ஓட்டில் 3 வாங்கியவர் வெற்றி. ஊர்ப் பஞ்சாயத்தில் 5 பேர் தனித்தனியாக யோசித்து ஆளுக்கொரு முடிவு சொல்வது மாதிரி.

டோக்கியோ சண்டையை இப்படிப் போட்டுப் பாருங்கள். (நடுவர்களின் வரிசை எண் புரிவதற்காகத் தரப்பட்டது.)

* நடுவர் 1: மூன்று ரவுண்டும் வலென்சியா. 30-27. ஓட்டு வலென்சியாவுக்கு.
* நடுவர் 2: 1, 3 வலென்சியா, 2 மேரி. 29-28. ஓட்டு வலென்சியாவுக்கு.
* நடுவர் 3: 1, 2 வலென்சியா, 3 மேரி. 29-28. ஓட்டு வலென்சியாவுக்கு.
* நடுவர் 4: 1 வலென்சியா, 2, 3 மேரி. 29-28. ஓட்டு மேரிக்கு.
* நடுவர் 5: மூன்று ரவுண்டும் மேரி. 30-27. ஓட்டு மேரிக்கு.

முதல் ரவுண்டு 4-1 வலென்சியாவுக்கு, அடுத்த ரெண்டும் 3-2 மேரிக்கு. கூட்டினால் 3-2 வலென்சியா. கணக்கு இடிக்கவில்லை. மேரியை முதுகில் குத்தியது முதல் ரவுண்டு. அதில் 4 நடுவர்களை இழந்தவரால் அடுத்த ரெண்டு ரவுண்டிலும் ஒரே ஒரு நடுவர் வித்தியாசத்தில்தான் ஜெயிக்க முடிந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுவர் 2 அல்லது நடுவர் 3, ஒரே ஒரு ரவுண்டை மாற்றிப் போட்டிருந்தால் மேரி கோம் ஜெயித்திருப்பார். 38 வயது வீராங்கனையின் கடைசி ஒலிம்பிக், ஒரு ஆள் ஒரு ரவுண்டை எப்படிப் பார்த்தார் என்பதில் நின்றது. வலென்சியாவும் அடுத்த சண்டையில் ஜப்பான் வீராங்கனையிடம் தோற்றுப்போனார்.

ரசிகர் கண் வேற, நடுவர் கண் வேற

கோவை, பொள்ளாச்சி, உடுமலை பக்கம் நடக்கும் ரேக்ளா பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டரை எத்தனை செகண்டில் வண்டி கடந்தது என்பதே தீர்ப்பு. கடிகாரத்துடன் யாரும் சண்டைக்குப் போக முடியாது. குத்துச்சண்டையில் கடிகாரம் இல்லை, மனிதக் கண்தான்.

நடுவர்கள் பார்ப்பது முக்கியமாக 3 விஷயம். சுத்தமாக விழுந்த குத்து எத்தனை? சண்டையைத் தன் பிடியில் வைத்திருந்தது யார்? விடாமல் மோதியது யார்? கையுறையின் முட்டிப் பகுதி, முகத்தின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, அல்லது பெல்ட்டுக்கு மேல் உடம்பிலோ பட்டால்தான் கணக்கு. கையில் தடுத்த குத்து, சும்மா உரசிப் போன குத்து எதற்கும் மதிப்பு இல்லை.

டிவியில் இதெல்லாம் தெரியாது. கேமரா ஒரு பக்கம் நிற்கும். சத்தம் கேட்டாலே குத்து விழுந்ததாகத் தோன்றும். நமக்குப் பிடித்தவர் அடித்தது நினைவில் நிற்கும், வாங்கியது மறந்துபோகும். கடைசி 30 செகண்டில் காட்டிய வேகம் முழு ரவுண்டையும் மறைத்துவிடும். எதிராளி ஒருமுறை கீழே விழுந்தாலே ரவுண்டு நமக்குத்தான் என்பதும் தப்பு. தொழில்முறை சண்டையில் அதற்கு வழக்கமாக ஒரு பாயிண்ட் கூடும். ஒலிம்பிக்கில் அதற்கென்று தனியாக எதுவும் கிடையாது.

மெஷின் வந்தும் தீராத சண்டை

ரசிகர்கள் சொல்வது எல்லாம் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. நிஜமாகவே அநியாயம் நடந்தது உண்டு.

* 1988 சியோல்: இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்து விட்டார். தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் விட்டது 32. ஆனால் 3-2 என்று பார்க்குக்குத் தங்கம்! தோற்ற ஜோன்ஸுக்கே ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் கோப்பையும் கொடுத்தார்கள்.

* இந்த அவமானத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் மெஷின் வந்தது. 5 நடுவர்களில் 3 பேர் ஒரு செகண்டுக்குள் பட்டனை அழுத்தினால்தான் பாயிண்ட்.

* 2012 லண்டன்: மெஷின் கணக்கில் 13-11 என இந்தியாவின் விகாஸ் கிருஷன் ஜெயித்தார். அமெரிக்கா அப்பீல் செய்தது. கட்டிப்பிடித்ததையும், பல் கவசத்தைத் துப்பியதையும் ரெப்ரி கண்டிக்கவில்லை என்று கூறி எரால் ஸ்பென்ஸுக்கு 4 பாயிண்ட் கொடுத்தார்கள். 15-13 என்று முடிவு தலைகீழ்! மறுநாள் மெஷினை விட்டுவிட்டு ரெப்ரியைத் திட்டினார்கள் ரசிகர்கள். 2013ல் மெஷின் போய் 10 பாயிண்ட் முறை வந்தது.

* 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டு: தென்கொரியாவின் பார்க் ஜி-நாவிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட சரிதா தேவி, பரிசளிப்பு மேடையில் அழுதபடி தன் வெண்கலத்தை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். ஒரு வருடம் தடை விழுந்தது.

* 2016 ரியோ: பல சண்டைகளில் நடுவர்களை வைத்து முடிவை மாற்ற ஏற்பாடு இருந்ததாக, 2021ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே 2023ல் ஒலிம்பிக் கமிட்டி ரத்து செய்தது.

* 2024 பாரிஸ்: காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் 4-1 என நிஷாந்த் தேவ் தோல்வி. ஜெயித்திருந்தால் பதக்கம் உறுதி. பாயிண்ட் முறையே புரியவில்லை என்று 2008 வெண்கல வீரர் விஜேந்தர் சிங்கே எழுதினார். கடைசி ரவுண்டில் நிஷாந்த் களைத்துப்போனதை எதிர்த்தரப்பு ரசிகர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

வீட்டில் நீங்களும் போடலாம்

அடுத்த சண்டை வரும்போது டிவி சத்தத்தை அடைத்துவிடுங்கள். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்த உடனே அந்த ரவுண்டுக்கு மட்டும் 10, 9 போட்டு மடித்து வையுங்கள். முந்தின ரவுண்டு மனதில் இருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் என்ன போட்டார் என்றும் பார்க்கக் கூடாது. 5 பேர் சேர்ந்து இப்படிப் போட்டு, கடைசியில் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். ஒரே வீட்டில், ஒரே டிவியைப் பார்த்த 5 பேருக்கே 3-2 வரும்.

சியோலில் தங்கம் வாங்கிய பார்க் சி-ஹுன், 35 வருடம் கழித்து 2023ல் அமெரிக்காவில் ராய் ஜோன்ஸ் வீட்டுக்கே போனார். அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்து, இது உங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். ரசிகர்கள் 35 வருடமாகப் போட்ட சண்டைக்கு, ஜெயித்தவரே தீர்ப்பு சொன்னார்.