டாக்டர் ஹூவும் அம்மாச்சி கேசட்டும்

   

இங்கிலாந்துக்குப் படிக்க வந்த புதிதில் என் ரூம்மேட் ஒருத்தன் 'டாக்டர் ஹூ' பைத்தியம். தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம்: நீல நிற போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறி, காலத்தில் முன்னும் பின்னும் சுற்றுகிற ஒரு மனிதரின் கதை. 1963 நவம்பர் 23 அன்று, அதாவது அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், பிபிசியில் ஆரம்பித்த தொடர். எனக்கு எதையும் முதல்லேர்ந்து பார்த்தால்தான் திருப்தி. "முதல் சீசன்லேர்ந்து வரிசையா போடுடா"னு கேட்டேன். சிரித்தான். "முடியாது. பாதி இல்லவே இல்லை."

காப்பிரைட் தகராறா இருக்கும்னு நினைத்தேன். அது இல்லையாம். பிபிசியே அழித்துவிட்டதாம்! அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, இந்தப் பதிவு வரைக்கும் இழுத்து வந்திருக்கிறது.

கணக்கு இதுதான்

முதல் ஆறு வருஷத்தில், 1963 முதல் 1969 வரை, ஒளிபரப்பான அத்தியாயங்கள் 253. அவற்றின் அசல் வீடியோ டேப் ஒன்றுகூட இன்று கிடையாது. நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை வெளிநாட்டு டிவிகளுக்கு விற்பதற்காக எடுத்த 16 எம்.எம். ஃபிலிம் நகல்கள். அதிலும் 2013 அக்டோபரில் கணக்குப் பார்த்துச் சொன்னபோது 97 அத்தியாயங்கள் இல்லை.

ஏன் அழித்தார்கள்? படிக்கப் படிக்க, எனக்கு வில்லன் யாருமே கிடைக்கவில்லை. அதுதான் பேஜாரு.

அந்தக் காலத்து வீடியோ டேப் ரெண்டு அங்குல அகலம், யானை விலை. அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யலாம் என்பதே அதன் பெருமை. நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபோதெல்லாம் மறு ஒளிபரப்பு செய்யவும் முடியாது. 1969 நவம்பரில் பிபிசி 1 கலருக்கு மாறிய பிறகு, கறுப்பு வெள்ளையை யார் வாங்கப் போகிறார்கள்? வீட்டில் வீடியோ வைத்துப் பார்க்கிற காலம் வரும்னு அப்போது யாருக்குத் தெரியும்?

சரி, நகலாவது இருக்கணுமே? இங்கேதான் விஷயம். டேப்பை வைத்திருந்த பொறியியல் பிரிவு, விற்பனைப் பிரிவிடம் ஃபிலிம் நகல் இருக்கிறதே என்று டேப்பை அழித்தது. விற்பனைப் பிரிவு, உரிமம் முடிந்த நகலை வைத்து என்ன செய்ய, அசல்தான் இருக்குமே என்று ஃபிலிமைக் குப்பையில் போட்டது. ஃபிலிம் நூலகமோ, ஃபிலிமில் எடுத்ததைப் பாதுகாப்பதுதான் எங்க வேலை, டேப் நிகழ்ச்சி எங்க கணக்கில் வராது என்று இருந்துவிட்டது. மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். மூன்று பேருமே, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு இருக்கும்னு நம்பினார்கள்.

1978ல்தான் இது நின்றது. அந்த வருஷம் சூ மால்டன் என்பவரை ஆவணத் தேர்வுக்கென்றே பிபிசி நியமித்தது. எது இருக்கிறது, எது இல்லை என்று உட்கார்ந்து எண்ணவே அப்போதுதான் ஆள் வந்தது.

காப்பாற்றியவர்கள்

இந்தப் பட்டியல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏன்னா இதில் ஒருத்தருக்குக்கூட பாதுகாக்கிற வேலை கொடுக்கப்படவில்லை.

முதலில் பள்ளிக்கூடப் பசங்க. டிவி முன்னாடி டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் இருமக் கூடாதுன்னு மிரட்டிவிட்டு, சத்தத்தை மட்டும் பதிவு செய்தார்கள். இன்றைக்கு 253 அத்தியாயத்துக்கும் ஒலி இருக்கிறது என்றால், இவர்கள் புண்ணியம்.

அடுத்து ஜான் குரா. டிவி திரையைக் கேமராவில் படம் பிடித்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்று வயிறு வளர்த்தவர். ஓர் அத்தியாயத்துக்குச் சுமார் 60, 70 படம். தொலைந்த பல கதைகளின் முகம் நமக்குத் தெரிவது அந்தச் சின்னச் சின்னப் படங்களால்தான். 1969ல் இறந்துவிட்டார். தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது ஆளைச் சொன்னால் சிரிப்பீங்க. ஆஸ்திரேலிய சென்சார்! குழந்தைகள் பயப்படும் என்று வெட்டி எடுத்த துண்டுகளை அவர்கள் ஆவணமாக வைத்திருந்தார்கள். 1996ல் ரசிகர்கள் அந்த நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். முழு அத்தியாயம் போய்விட்டது, பார்க்கக் கூடாதுன்னு வெட்டிய சில நொடிகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

அப்புறம் நகலைத் திருப்பி அனுப்பாத, தூக்கியும் போடாத சோம்பேறிகள். (நம்ம ஆளுங்க!) 1983ல் லண்டனில் ஒரு சர்ச் நிலவறையில் ரெண்டு அத்தியாயம் கிடைத்தது. 1991 கடைசியில் ஹாங்காங்கிலிருந்து நாலு அத்தியாயக் கதை ஒன்று முழுசாகத் திரும்பி வந்தது. நைஜீரியாவில் ஜோஸ் நகரத்து டிவி நிலையத்தில் தூசி படிந்து கிடந்த ஒன்பது அத்தியாயங்கள் 2013ல் வெளியுலகத்துக்கு வந்தன. 106 என்றிருந்த கணக்கு 97 ஆனது அப்படித்தான்.

லக்னோவில் பிறந்த இயக்குநர்

முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். 1938ல் லக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். தொடர் ஆரம்பித்தபோது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. வெள்ளைக்கார ஆண்கள் நிறைந்த ஆபீசில் ஒரு பெண்ணும் ஓர் இந்தியரும் சேர்ந்து ஆரம்பித்த தொடர் இது.

அந்த முதல் கதை தப்பித்துவிட்டது. ஆனால் 1964ல் அவர் எடுத்த 'மார்க்கோ போலோ' ஏழு அத்தியாயம். அதில் நாலாவது மட்டும் வேறொருவர் இயக்கியது. பாமீர் மலையிலிருந்து குப்லாய் கானின் அரண்மனை வரைக்கும் போகிற பயணக் கதை. ஏழும் போச்சு. ஒலி இருக்கிறது. ஹுசைன் தனக்காக வைத்திருந்த ஜான் குரா படங்களும் இருக்கின்றன, அந்த நாலாவது அத்தியாயத்துக்கு மட்டும் இல்லை. இதுவரை அசைந்து நான் பார்க்காத ஒரு கதையை, கண்ணை மூடி ரெண்டு தடவை கேட்டுவிட்டேன்.

எடுத்தும் எடுக்காததும்

தொலைந்தது ஒரு வகை. முடியாமலே போனது இன்னொரு வகை. 'ஷாடா' அப்படி ஒன்று. எழுதியவர் டக்ளஸ் ஆடம்ஸ். 1979 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் தெருக்களில் படம் பிடித்தார்கள். நவம்பரில் ஸ்டூடியோ வேலை கொஞ்சம் நடந்தது. அப்புறம் பிபிசியில் ஸ்ட்ரைக். அது முடிந்தபோது கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுக்கு முன்னுரிமை. ஆறு அத்தியாயக் கதை பாதியில் நின்றது.

ஆனால் செத்துப்போகவில்லை. 1983 சிறப்பு அத்தியாயத்தில் டாம் பேக்கர் நடிக்க வராதபோது, ஷாடாவின் துண்டுகளைத்தான் அவருக்குப் பதிலாகச் செருகினார்கள். ஆடம்ஸ் அதன் பேராசிரியர் பாத்திரத்தை 1987ல் வந்த தன் 'டர்க் ஜென்ட்லி' நாவலுக்குக் கொண்டுபோனார். 2001ல் அவர் இறந்தார். 2017ல் மீதியை அனிமேஷனில் முடித்தார்கள். 83 வயது டாம் பேக்கரே குரல் கொடுத்தார். கையெழுத்துப் பிரதி என்று காகிதம் ஒன்று பத்திரமாக இருந்ததால்தானே இத்தனையும்?

அம்மாச்சி

இப்போ தலைப்பில் இருக்கிற கேசட்டுக்கு வருகிறேன். மாமா சவுதியில் இருந்த காலத்தில் எங்க வீட்டில் கடிதத்துக்குப் பதில் கேசட்டுதான். அம்மாச்சிக்கு எழுதத் தெரியாது. அதனால் ஒரு பக்கம் முழுக்க அவங்கதான் பேசுவாங்க. ஆடு குட்டி போட்டது, கிணத்துல தண்ணி ஊறினது, நடுவில் என்னை மடியில் போட்டுப் பாடிய தாலாட்டு. நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், ஆறேழு வயதில்.

இந்த ஆராய்ச்சிக் கிறுக்கில் போன மாசம் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அது உங்க மாமாகிட்ட இருக்கும்னுல்ல நினைச்சேன்"னாங்க. மாமா, "அக்காகிட்ட பத்திரமா இருக்கட்டும்னுதான் ஊருக்குக் கொண்டாந்து குடுத்தேன்"னார். கடைசியில் சித்தி வீட்டு அட்டைப்பெட்டியில் கேசட் கிடைத்தது. மேலே தாத்தா கையெழுத்தில் 'அம்மா பேசியது'. போட்டுப் பார்த்தால் ரெண்டு பக்கமும் சினிமாப் பாட்டு. ஓரத்தில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டிருந்தால் மேலே பதிய முடியாது. யாரும் உடைக்கவில்லை. யார் பதிந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. யாரையும் திட்டவும் மனசு வரலை.

சித்தி போனில் அந்தக் கேசட்டை ஓடவிட்டபோது கடைசிவரைக்கும் கேட்டேன். பாட்டு முடிந்த பிறகு கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் அம்மாச்சி குரல், மூணு நாலு நொடி. "போதுமாய்யா?"ங்கிறாங்க. அப்புறம் 'டக்'.

அந்த நொடிகளை மூன்று இடத்தில் காப்பி செய்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. இந்தத் தடவை எல்லோரிடமும் நிஜமாவே இருக்கிறதான்னு கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கொசுறு: பதிவர் பெருமக்களே, 2009ல் ஜியோசிட்டீஸ் மூடியபோது எத்தனை பேருடைய பக்கங்கள் போச்சுன்னு தெரியும்தானே? உங்க பழைய பதிவுகளுக்கு பேக்கப் எடுத்தாச்சா? வேற யார்கிட்டயாவது இருக்கும்னு மட்டும் நினைக்காதீங்க :-)